முதல் தகவலை யார் சொல்வது? வன்னியில் படைத்தரப்பு மக்களோடு பேசும் வழிகள்: ஓர் ஒப்பீடு

வன்னியில் ஒரு படைத் தலைமையகத்தின் ஊடக அதிகாரிக்கு எந்த நாளும் வரக்கூடிய ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொள்வோம். புதுக்குடியிருப்புப் பக்கம், முகாம் வேலிக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் பனங்காணி ஒன்றில் ஒருவர் பற்றை வெட்டிக் கூட்டி எரிக்கிறார். மண்ணுக்குள் கிடந்த ஏதோ ஒன்று வெடிக்கிறது. காயம்பட்டவரை ஓட்டோவில் ஏற்றி மாஞ்சோலை ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடுகிறார்கள். அவர் ஆசுபத்திரி போய்ச் சேர முன்னமே இரத்தம் தோய்ந்த சாரத்தின் படம் வட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விடுகிறது. கொஞ்ச நேரத்தில் படத்துக்குக் கீழே "ஆமி சுட்டதாம்" என்றொரு வரியும் ஏறிவிடுகிறது.

அதிகாரி இப்போது என்ன செய்யலாம்? கொழும்பு அறிக்கை விடும்வரை காத்திருக்கலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவுச் செய்தியாளர்களுக்குத் தானே பேசலாம். பிரதேச செயலாளரைப் பேசவிடலாம். நேரே ஊருக்குள் போய்ச் சனத்தைக் கூட்டலாம். ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம். இந்த ஐந்தையும் வன்னியில் நாங்கள் பார்த்திருக்கிறோம். எது எதற்குப் பொருந்தும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

படை அதிகாரிக்கான ஆலோசனையைத் தமிழில் எழுதி யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். வன்னியில் எந்த அதிகாரியும் தனியாகப் பேசுவதில்லை. அவருடைய அறிக்கையைத் தமிழாக்குகிற உத்தியோகத்தர் இருக்கிறார், அதைச் செய்தியாக்குகிற பிரதேச செய்தியாளர் இருக்கிறார், "எழுத்தில தாங்கோ" என்று கேட்கக்கூடிய கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் இருக்கிறார். இந்தப் பேச்சு எந்த வழியால் வருகிறது என்பதில் இவர்கள் மூவருக்கும் கை உண்டு. அவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பவம் என்றால் அதிகாரியே உள்ளூர்ச் செய்தியாளரிடம் ஒரு மணித்தியாலத்துக்குள் பேச வேண்டும். காணி, பாதை என்றால் பிரதேச செயலாளர் பேச வேண்டும், படை கையெழுத்தோடு அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஊர்க்கூட்டம் பிறகு. கொழும்பு அறிக்கை பதிவுக்கு.

கொழும்பு அறிக்கை

அதிகாரிகளுக்கு மிகப் பிடித்த வழி இது. காரணம் விளங்கக்கூடியதுதான். பேசுவதற்கான அதிகாரம் மேலே இருக்கிறது. கீழே இருப்பவர் ஒரு சொல் பிசகினால் தண்டனை அவருக்கு. எல்லோரும் ஒரே வாயால் பேசினால் முரண்பாடு வராது. 2006இல் தேசிய பாதுகாப்புக்கான ஊடக மத்திய நிலையம் அமைக்கப்பட்டதே, போர்ச் செய்தி எல்லாம் ஒரே வாசலால் வெளியே போகட்டும் என்றுதான்.

வன்னியில் அந்த வாசலுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 2009இல் பொதுமக்கள் இழப்பு பூச்சியம் என்ற நிலைப்பாட்டைக் கேட்ட சனம் இது. கேட்ட இடம் பதுங்குகுழி. பிறகு 2011 ஓகஸ்டில் பாதுகாப்பு அமைச்சே வெளியிட்ட அறிக்கை, பொதுமக்கள் இழப்பை முற்றாகத் தவிர்த்திருக்க முடியாது என்று ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு முடிவில் வந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கையும் கணிசமான பொதுமக்கள் உயிரிழந்ததை ஏற்றது. ஆக, கொழும்பின் முதல் அறிக்கையைக் கொழும்பே திருத்தியிருக்கிறது, இரண்டு வருடம் கழித்து. இன்றைக்கு அங்கிருந்து வரும் அறிக்கை முழு உண்மையாக இருந்தாலும், அதை வாசிக்கிறவர் அந்தப் பழைய வரியின் மேல் வைத்துத்தான் வாசிப்பார். இன்றைய அதிகாரி அன்று பள்ளிக்கூடப் பையனாக இருந்திருக்கலாம். அது வாசிப்பவரின் பிரச்சினை அல்ல.

அடுத்தது நேரம். தகவல் முகாமிலிருந்து படைப்பிரிவு, பாதுகாப்புப் படைத் தலைமையகம், கொழும்பு ஊடகப் பணிப்பகம் என்று ஏறி இறங்க வேண்டும். இறங்கும்போது சிங்களமும் ஆங்கிலமும் முன்னால் வரும், தமிழ் பின்னால் வரும். அதற்குள் வதந்திக்கு வயது நாலைந்து மணித்தியாலம் ஆகியிருக்கும், யாழ்ப்பாணப் பத்திரிகையின் முதற்பக்கமும் ஏறக்குறையத் தீர்மானமாகியிருக்கும்.

மேலே போகப் போகச் செய்தி மெருகேறுகிற ஆபத்தும் உண்டு. இது எங்கள் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. 2004 ஏப்ரல் 22ஆம் திகதி ஆப்கானிஸ்தானில் பட் டில்மன் என்ற அமெரிக்கச் சிப்பாய் இறந்தார். அமெரிக்கக் காற்பந்து விளையாட்டில் பெயர் பெற்றவர். எதிரியின் சூட்டில் வீழ்ந்தார் என்று அறிவித்தார்கள், பதக்கமும் கொடுத்தார்கள். சொந்தப் படையின் சூட்டில்தான் இறந்திருக்கக் கூடும் என்று ஐந்து வாரம் கழித்து, மே கடைசியில்தான் சொன்னார்கள். "இயன்ற அளவு முழுமையாக, இயன்ற அளவு விரைவாக" என்பது அந்தப் படையின் எழுதப்பட்ட தகவல் கொள்கை. கொள்கை தாளில் இருந்தது. வட அயர்லாந்தின் டெரி நகரில் 1972 ஜனவரி 30ஆம் திகதி பொதுமக்கள் மேல் நடந்த சூட்டுக்கு, ஆயுதம் வைத்திருந்தவர்களைத்தான் சுட்டோம் என்று பிரித்தானியப் படை சொன்னது. அது பிழை என்று சாவில் விசாரணை அறிக்கை சொல்லி, பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2010 ஜூன் 15ஆம் திகதி. முப்பத்தெட்டு வருடம் ஓர் அரசு ஒரு மாலைநேர அறிக்கையைச் சுமந்து திரிந்தது.

எனவே கொழும்பு அறிக்கையை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது பின்னால் வரட்டும். நீதிமன்றத்துக்கும் ஆவணத்துக்கும் அது தேவை. முதல் தகவலாக வன்னியில் அது எடுபடாது.

உள்ளூர்ச் செய்தியாளரிடம் நேரே

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருக்கிற பிரதேச செய்தியாளர் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர் அல்ல. மோட்டார் சைக்கிளில் போய்ப் படம் எடுத்து, வீதியோரத்தில் நின்றபடியே செய்தி தட்டி அனுப்புகிறவர். அவருக்குத் தேவை பெயர் சொல்லக்கூடிய ஒருவரின் வாயிலிருந்து வரும் இரண்டு மூன்று வரி. அது கிடைக்காவிட்டால் "படைத்தரப்பிடம் கேட்க முயன்றபோதும் பதில் கிடைக்கவில்லை" என்று முடித்து அனுப்பிவிடுவார். அது அவரின் குற்றமும் அல்ல.

நான் இந்த வழிக்குத்தான் முதலிடம் கொடுக்கிறேன், ஆனால் மிகச் சின்ன அளவில். தெரிந்ததை மட்டும் சொல்லு, உன் வேலைக்கு உட்பட்டதை மட்டும் சொல்லு, ஊகிக்காதே, குடும்பத்துக்குத் தெரியவர முன்னர் பெயரை வெளியே விடாதே என்பவை எந்த நாட்டுப் படையின் ஊடகப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுக்கப்படுபவை. மேலே சொன்ன பனங்காணிச் சம்பவத்துக்கு அவற்றை வைத்து எழுதினால் இப்படி வரும்:

"இன்று காலை 10 மணியளவில் புதுக்குடியிருப்புப் பிரதேசத்தில் தனியார் காணி ஒன்றில் வெடிப்பு நிகழ்ந்துள்ளது. காயமடைந்த ஒருவர் மாஞ்சோலை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டுள்ளார். வெடித்தது என்ன என்பது இன்னும் தெரியவில்லை, பொலிசார் விசாரிக்கின்றனர். அந்தக் காணிக்கும் அதை ஒட்டிய ஒழுங்கைக்கும் யாரும் போக வேண்டாம். அடுத்த தகவல் பிற்பகல் 2 மணிக்குத் தரப்படும்."

அவ்வளவுதான். "படையினர் சுடவில்லை" என்ற மறுப்பு இதில் இல்லாததைக் கவனியுங்கள். காவலரண் பொறுப்பாளரிடம் கேட்டு, தோட்டாக் கணக்குப் பார்த்து, உறுதியான பிறகு இரண்டு மணி அறிக்கையில் அதைச் சேர்க்கலாம். விசாரிக்க முன்னரே மறுப்பது, மறுப்பு உண்மையாக இருந்தாலும், விசாரிக்கவில்லை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு மணி என்று சொன்னால் இரண்டு மணிக்கு ஏதாவது சொல்லியே ஆக வேண்டும், "புதிதாக ஒன்றும் தெரியவில்லை" என்றாவது.

இந்த வழிக்குள்ளும் ஒரு பள்ளம் இருக்கிறது. "எழுதாதைங்கோ, உங்களுக்கு மட்டும் சொல்லுறன்" என்ற பேச்சு. பெரிய நகரத்தில் அது தொழில்முறை வசதி. கிளிநொச்சி அளவு ஊரில் யார் யாருடன் தேத்தண்ணி குடித்தார் என்பது மறுநாள் சந்தைக்கே தெரியும். தனியாகத் தகவல் வாங்குகிற செய்தியாளருக்கு "ஆமியின்ர ஆள்" என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் அவர் எழுதும் எதையும் ஊர் நம்பாது. அதிகாரி தனக்குப் பயன்படுவார் என்று வளர்த்தவர் யாருக்கும் பயன்படாதவர் ஆகிவிடுவார். எல்லோருக்கும் ஒரே நேரம், ஒரே வரி. அதற்கு மேல் நட்பு வேண்டாம்.

இடமும் முக்கியம். தெரியாத இலக்கத்திலிருந்து அழைத்து "முகாமுக்கு ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்பதை இங்கே அழைப்பாக யாரும் எடுக்கமாட்டார்கள். 2021 நவம்பரில் முள்ளிவாய்க்காலில் படம் எடுத்துக்கொண்டு நின்ற ஊடகவியலாளர் ஒருவரைப் படையினர் தாக்கியதாக முறைப்பாடு எழுந்ததை மறந்துவிட்டு நடக்க முடியாது. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்), அல்லது வீதியோரத்தில் எல்லோரும் பார்க்க நின்று பேசுவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

பிரதேச செயலாளர் சொல்லட்டும்

காணி விசயத்தில் எனக்கு வேறு தெரிவே இல்லை. படைத்தரப்பு தன் பிடியில் இருந்த காணியின் விடுவிப்பைத் தானே அறிவிக்கும்போது அது ஒரு பரிசளிப்பு விழாவாகிவிடுகிறது. மேடை, பூமாலை, பத்திரம் கையளிக்கும் படம். தன் காணியைத் தானே திரும்பப் பெறுகிறவர் நன்றி சொல்ல வேண்டிய நிலையில் நிற்கிறார். அந்தப் படத்தில் அவர் முகம் எப்படி இருக்கிறது என்பதை ஊடகப் பிரிவுகள் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

காணிக்கு உரியவர் தேடுவது ஏக்கர்த் தொகையை அல்ல. முல்லைத்தீவின் கேப்பாப்பிலவில் 2017 டிசம்பர் கடைசியில் 133 ஏக்கர் விடுவிக்கப்பட்டது என்பது செய்தி. வீட்டில் கேட்கப்படும் கேள்வி வேறு: "எங்கட வளவு அதுக்குள்ள வருதோ?" அந்தக் கேள்விக்கு ஊடகப் பேச்சாளரிடம் பதில் இருக்காது. கிராம அலுவலரிடம் இருக்கலாம், நில அளவைப் படம் அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்தால்.

இந்த வழி எங்கே முறிகிறது என்பதையும் கேப்பாப்பிலவுதான் காட்டியது. அந்த ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி, காணி கிடைக்கும் என்று சொல்லப்பட்டதை நம்பி அங்குள்ள பிலக்குடியிருப்பு மக்கள் போனார்கள். வாசல் திறக்கவில்லை. விமானப்படை முகாமுக்கு முன்னாலேயே குந்தினார்கள். குழந்தைகளோடு, இரவு பகலாக. மார்ச் 1ஆம் திகதி காணி விடுபடும் வரை எழும்பவில்லை. எத்தனை ஊடக அறிக்கை விட்டாலும் அந்த ஒரு மாதத்தை ஈடுசெய்ய முடியாது. ஒரு பக்கத்தில் எதிர்பார்ப்பு, மறுபக்கத்தில் பூட்டிய வாசல். இரண்டுக்கும் நடுவே கையெழுத்திட்ட ஒரு தாள் மக்கள் கையில் இல்லை.

ஆகவே பிரதேச செயலாளரைப் பேசவிடுவது என்றால், கூட்டத்துக்கு அனுப்பிவிட்டு முகாமுக்குள் இருப்பது அல்ல. கட்டளைத் தளபதியின் கையெழுத்தோடு தமிழில் ஒரு கடிதம் முதலில் செயலகத்துக்குப் போக வேண்டும். எந்தப் படத்தின் எந்தத் துண்டுகள், எத்தனை ஏக்கர், எந்தத் திகதி, எந்த வாசல், மிதிவெடி அகற்றப்பட்ட உறுதிப்பத்திரம் இருக்கிறதா இல்லையா, வேலியை யார் கழற்றுவது. தமிழ் வடக்கில் நிர்வாக மொழி. அது சலுகையல்ல, அரசியலமைப்பு. இந்த விவரம் இல்லாமல் "விரைவில் விடுவிக்கப்படும்" என்று செயலாளர் வாயால் சொல்லவைப்பது, அவருடைய பெயரைச் செலவழித்துப் படைக்கு நேரம் வாங்குவது. பிறகு அவரும் நம்பப்படமாட்டார், அடுத்த முறை இந்த வழியே மூடிவிடும்.

மிதிவெடி பற்றிய அறிவித்தலும் இப்படித்தான். மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அகற்றி முடிக்கக் கொடுக்கப்பட்ட தவணை 2028 ஜூன் 1. அகற்றும் வேலையில் படையின் பிரிவும் உண்டு, ஹலோ டிரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் போன்ற அமைப்புகளும் உண்டு. அந்த அமைப்புகளில் வேலை செய்கிற பெண்களில் பலர் இதே ஊர்க்காரர். ஒழுங்கைக்குள் போகாதே என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் பிள்ளை கேட்கும். சீருடை சொன்னால் அந்த ஒழுங்கைக்குள் ஏதோ மறைக்கிறார்கள் என்று நினைக்கும்.

வெள்ளம் மட்டும் கொஞ்சம் வேறு கதை. 2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது படகோடு வந்தவர்களில் படையினரும் இருந்தார்கள். சனம் ஏறியது. உயிர் போகும் நேரத்தில் யார் குரல் என்று யாரும் பார்ப்பதில்லை. ஒலிபெருக்கி யாரிடம் இருக்கிறதோ அவர் பேசட்டும். ஆனால் இரணைமடுக் குளத்தின் வான்கதவு எப்போது திறக்கும், எத்தனை அடி என்பதை நீர்ப்பாசனத் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும்தான் சொல்ல வேண்டும். கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி பின்னர் விசாரணை வரைக்கும் போனது. அந்த வாதத்துக்குள் படை ஊடக அதிகாரி தன் வாயால் போய் விழத் தேவையில்லை.

ஊருக்குள் கூட்டம்

மனிதர்களோடு மனிதராக முகம் பார்த்துப் பேசுவது நல்லதுதானே என்று தோன்றும். வெளிநாட்டுப் பயிற்சி முடித்து வரும் அதிகாரிகளுக்கு இதில் பெரிய விருப்பம். நான் இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், ஊருக்குள் வரும் சீருடையில் யார் தகவல் சொல்ல வந்தவர், யார் தகவல் எடுக்க வந்தவர் என்று சனத்தால் பிரித்தறிய முடியாது. பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் நடக்கும். பின்வரிசையில் சாதாரண உடுப்போடு ஒருவர் கைத்தொலைபேசியில் படம் எடுப்பார். இரண்டு நாள் கழித்து, கேள்வி கேட்ட பெண்ணின் வீட்டு வாசலில் ஒருவர் நிற்பார். "சும்மாதான், விபரம் எடுக்க வந்தனான்." அதற்குப் பிறகு அந்த ஊரில் எந்தக் கூட்டத்திலும் கேள்வி வராது. கேள்வி வராததைத் திருப்தி என்று அறிக்கையில் எழுதிக்கொள்வார்கள்.

மக்கள் தொடர்பையும் உளவியல் நடவடிக்கையையும் ஒன்றாகக் கலக்காதே என்று நேட்டோவின் கொள்கை ஆவணங்களே சொல்கின்றன. கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈராக்கில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2004 ஒக்ரோபரில் ஓர் அமெரிக்கப் படைப் பேச்சாளர் பலூஜா நகர்த் தாக்குதல் தொடங்கிவிட்டது என்று சீஎன்என் தொலைக்காட்சியில் சொன்னார். தொடங்கவில்லை, மூன்று வாரம் கழித்துத்தான் தொடங்கியது. எதிரி எப்படி அசைகிறான் என்று பார்க்கச் சொல்லப்பட்ட பேச்சு அது என்று பின்னர் செய்தி வெளிவந்தது. ஒருமுறை அப்படிப் பயன்படுத்தப்பட்ட பேச்சாளரை அடுத்த முறை யார் நம்புவார்?

இன்னொன்று, கூட்டத்தோடு உலர் உணவுப் பொதியைச் சேர்ப்பது. பொதி வாங்கும் தாயின் படம் இணையத்தில் போகும். பொதி கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. பசிக்கு அது அரிசிதான். படம் எடுக்காமல் கொடுத்துப் பார்க்கட்டும்.

சனம் எப்போது படையோடு நேரே பேசத் தயாராகிறது என்பதற்கு இரணைதீவு நல்ல பாடம். 1992இல் அந்தத் தீவிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள், 2017 மே 1ஆம் திகதி கரையில் உள்ள இரணைமாதாநகரில் போராட்டம் தொடங்கினார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் பதில் வராமல், 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தாங்களே தீவுக்குப் போய் இறங்கினார்கள். தீவில் இருந்த கடற்படை தடுத்து மோதவில்லை. அடுத்த மாதமே தங்குவதற்கு அனுமதியும் வந்தது. அங்கே பேச்சு நடந்தது மக்கள் தெரிந்தெடுத்த இடத்தில், மக்கள் தெரிந்தெடுத்த நாளில், பங்குத் தந்தைமாரும் ஊடகங்களும் பக்கத்தில் இருக்க. ஊர்க்கூட்டம் வைக்க விரும்பும் அதிகாரி இந்த ஒழுங்கைத் தலைகீழாக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்: ஊர் கூப்பிடட்டும், இடத்தை ஊர் சொல்லட்டும், மொழிபெயர்ப்பாளரை ஊர் கொண்டுவரட்டும், கூட்டக் குறிப்பின் பிரதி சங்கத்திடம் இருக்கட்டும், புலனாய்வுக்காரர் அந்தப் பக்கமே வரக்கூடாது. கடைசி நிபந்தனையை ஊடக அதிகாரியால் உறுதிப்படுத்த முடியாவிட்டால் கூட்டத்தை வைக்காமல் விடுவதே நேர்மை.

ஒன்றும் சொல்லாதிருத்தல்

மௌனம் சரியாகும் இடங்கள் உண்டு. வழக்கு நீதிமன்றத்தில் இருந்தால், இறந்தவரின் வீட்டுக்கு இன்னும் செய்தி போகாவிட்டால், சொன்னால் ஒருவரின் உயிருக்கு ஆபத்து என்றால். அப்போதும் "இந்தக் காரணத்தால் இப்போது சொல்ல முடியாது" என்று காரணத்தைச் சொல்ல வேண்டும். காரணம் இல்லாத மௌனத்தைத் தேசிய பாதுகாப்பு என்ற பெயரில் வைத்திருப்பது முன்பு சுலபம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தபின் அவ்வளவு சுலபமில்லை. பாதுகாப்புக்குப் பாதகமானதை மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் பொதுநலன் மேலோங்கினால் அந்த விதிவிலக்கும் நிற்காது. தகவல் அதிகாரி 14 வேலைநாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு.

கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். முகாமுக்குள் கிடக்கும் வளவு எந்தச் சட்டத்தின் கீழ் வைத்திருக்கப்படுகிறது, சுவீகரிப்பு வர்த்தமானி வெளிவந்ததா, வெளிவந்தால் எத்தனையாம் இலக்கம் என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. கையளித்ததற்குப் பற்றுச்சீட்டை மறக்காமல் வாங்கி, திகதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 14 வேலைநாள் அதிலிருந்துதான் ஓடும்.